லேவுக்குப் போகும் வழியும் மெதுவாக வரும் நண்பரும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நால்வர் கல்லூரிக் காலத்து நண்பர்கள். வரும் ஜூலையில் மோட்டார் சைக்கிளில் லடாக் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். வண்டிகளை ரயிலில் சண்டிகருக்கு அனுப்பிவிட்டு, மணாலியிலிருந்து இரண்டு நாளில் லே சென்றுவிட எண்ணம். இடையில் சார்ச்சுவில் கூடாரத்தில் ஓர் இரவு. மறுநாளே ஜீப்பில் கர்துங் லா கணவாய்க்கு ஏறி, அங்கிருந்து மவுன்டன் பைக்கில் லே வரை இறங்க வேண்டும். பயணத்தின் நோக்கமே அந்த இறக்கம்தான். எங்களில் மூவரிடம் புதிய, பெரிய வண்டிகள் உள்ளன. நான்காமவரிடம் இருப்பது பழைய 150 சிசி வண்டி. அறுபதுக்கு மேல் ஓட்ட மாட்டார், அடிக்கடி நிறுத்துவார். அவரை விமானத்தில் லேவுக்கு வரச் சொல்லிவிடலாம் என்று நாங்கள் மூவரும் பேசிக்கொண்டோம். மனம் புண்படாமல் இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மலைநோய் வராமலிருக்க டயமாக்ஸ் மாத்திரை போதுமா? எந்த டயர் நல்லது?

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் உறவுக்காரப் பையன் ஒருவன் லேயிலிருந்து திரும்பி என்னைப் பார்க்க வந்தான். கைப்பேசியில் படங்களைக் காட்டினான். ஒவ்வொரு கணவாய்ப் பலகையின் முன்னும் கட்டைவிரலை உயர்த்தியபடி நிற்கிறான். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால், தலைவலிதான் நினைவிருக்கிறது என்கிறான். அவன் போன பிறகும் அந்தப் பேச்சு மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் வழக்கத்துக்கு மாறாக உடனே பதில் எழுதுகிறேன்.

டயரைப் பற்றி உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். மாத்திரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நண்பரின் மனம் புண்படாமல் சொல்வதற்கு வழி கிடையாது. எவ்வளவு நயமாகச் சொன்னாலும் 'நீ எங்களுக்குச் சுமை' என்பதுதான் அவர் காதில் விழும். அவரில்லாமல் மூவர் கூடி முடிவெடுத்துவிட்டு, அதைச் சொல்ல நல்ல வாக்கியம் ஒன்று தேடுகிறீர்கள். இம்மாதிரிக் காரியங்களுக்குத்தான் நம் ஊரில் எழுத்தாளனைத் தேடி வருகிறார்கள். கடல்மட்டத்துக்கு அருகிலிருந்து விமானத்தில் நேராக 3,500 மீட்டர் உயரத்தில் இறங்குபவர் முதல் இரண்டு நாட்கள் விடுதியை விட்டு அதிகம் அலையாமல் ஓய்வெடுக்க வேண்டும். நீங்கள் மூவரும் சாலையில் இருக்கும் அந்த இரண்டு நாட்களில், அறையின் கூரையைப் பார்த்துக்கொண்டு அவர் எதை நினைத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்தீர்களா?

ஆனால் நட்பின் தர்மத்தைப் போதிக்க நான் வரவில்லை. உங்கள் நால்வரில் அந்தச் சாலைக்குத் தகுந்த வேகத்தில் ஓட்டுபவர் அவர் ஒருவர்தான் என்பதைச் சொல்லவே வந்தேன்.

கோவை ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். மணாலி நகரம் ஊட்டியைவிடத் தாழ்வானது, சுமார் 2,050 மீட்டர். நீங்கள் முதல் இரவு தங்கத் திட்டமிட்டிருக்கும் சார்ச்சு 4,290 மீட்டர். கோவையிலிருந்து ஊட்டிக்கு ஏறுவதைவிட அதிகமான ஏற்றத்தை, ஊட்டியின் உயரத்துக்கு அருகிலிருந்து தொடங்கி, ஒரே பகலில் ஏறிவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கப் போகிறீர்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் எந்தக் கணவாயைத் தொட்டீர்கள் என்பதைவிட, இரவில் எங்கே தலைசாய்க்கிறீர்கள் என்பதே முக்கியம். காரணம், நோய் கணவாயில் வருவதில்லை. பெரும்பாலும் ஏறி முடித்து ஆறு மணி நேரமாவது ஆன பிறகு, கூடாரத்தில் போர்வைக்குள் புகுந்த பின்தான் தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் தொடங்குகின்றன. பாரலாச்சா லா கணவாயில் நின்று படமெடுக்கும்போது உங்களுக்கு ஒன்றும் இருக்காது. அந்தத் தெம்பை நம்பித்தான் எல்லோரும் மேலே மேலே போகிறார்கள்.

மணாலியைத் தாண்டி ரோதாங் கணவாய்க்கு அடியில் செல்லும், 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையையும் இங்கே சொல்ல வேண்டும். 9 கிலோமீட்டர் நீளமுள்ள அது, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த, கணவாய்க்கு அப்பாலுள்ள லாகௌல் பள்ளத்தாக்கு மக்களுக்குப் பெரிய விடுதலை, அதில் ஐயமில்லை. ஆனால் முன்பு ரோதாங் கணவாயின் சேறும் வாகன நெரிசலும் பயணிகளைக் களைக்க வைத்து, கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ படுக்க வைத்தன. அவை இரண்டும் 3,100, 3,200 மீட்டர் அளவிலான ஊர்கள். சாலையின் தொல்லையால் உடலுக்குத் தற்செயலாகக் கிடைத்த அந்த அவகாசம் இப்போது இல்லை. காலையில் மணாலியை விட்டவர் பிற்பகலில் சார்ச்சுவில் இருக்கிறார்.

சார்ச்சுவில் படுத்தவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலைநோய் முற்றினால் முதல் சிகிச்சை கீழே இறங்குவதுதான். சார்ச்சுவிலிருந்து இறங்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும். மணாலி பக்கம் திரும்பினால் 4,890 மீட்டரில் பாரலாச்சா லா நிற்கிறது. லே பக்கம் போனால் காட்டா வளைவுகள் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, நக்கீ லா, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா ஆகிய கணவாய்களைக் கடந்து, 4,600 மீட்டரில் உள்ள பாங் என்ற இடத்தை அடைந்து, அதன் பிறகும் 5,328 மீட்டர் உயரமான தங்லாங் லாவை ஏறி இறங்க வேண்டும். மூச்சு முட்டும் ஒருவரை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவீர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களுடன் அந்த வழியே போனபோது எங்கள் குழுவிலும் உங்கள் நான்காமவரைப் போல ஒருவர் இருந்தார். ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, செயினை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்த பிறகே டம்ளரைக் கையில் வாங்குவார். ஜிஸ்பாவில் இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றார். ஏன் என்றால், பாகா ஆற்றங்கரை நன்றாக இருக்கிறது என்றார். முணுமுணுத்துக்கொண்டே தங்கினோம். அன்று எங்களைக் கடந்து சென்ற இளைஞர் குழு ஒன்றை மறுநாள் நண்பகலில் சார்ச்சுவின் கூடார வரிசையில் மீண்டும் கண்டோம்.

அவர்களில் ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும், தலையைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கூடாரக்காரர் லாகௌல்காரர், முதியவர். செருப்பு நுனியால் புழுதியில் ஒரு கோடு இழுத்து, குதிகாலைப் பெருவிரலில் ஒட்டி ஒட்டி வைத்து அதன் மேல் நடந்து வரச் சொன்னார். மூன்றாம் அடியில் பையன் இடப்பக்கம் சாய்ந்தான், நான்காம் அடியைக் கோட்டுக்கு வெளியே வைத்தான். சிரித்துவிட்டு, மறுபடி நடக்கிறேன் என்று தொடக்கத்துக்குப் போனான். மறுபடியும் அதே பக்கம், அதே அடி. முதியவர் அதன் பிறகு அவனிடம் எதுவும் பேசவில்லை. நண்பர்களின் பக்கம் திரும்பி, இவனோடு கீழே போகப்போவது யார் என்று மட்டும் கேட்டார். ஒரு மணி நேரம் தூங்கினால் சரியாகிவிடுவான் என்றார்கள். தூங்க விடாதீர்கள் என்றார். மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கினால் தடுமாறத் தொடங்குபவற்றில் ஒன்று நடை. அந்தக் கோட்டுச் சோதனை மருத்துவர்களும் செய்வதுதான். காலிக் காய்கறிப் பெட்டிகளோடு மணாலிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியை அவரே மறித்து, ஆக்சிஜன் உருளையோடு பையனை முன்னிருக்கையில் ஏற்றினார். வண்டி பாரலாச்சா லாவை நோக்கி ஏறிப் போனது. அவன் கேலாங்கில் தேறிவிட்டான் என்று பிறகு அறிந்தோம். வண்டி மறைந்ததும் மிச்சமிருந்த நண்பர்கள் விவாதித்தது, அவனுடைய மோட்டார் சைக்கிளை யார் லேவுக்கு ஓட்டிச் செல்வது என்று.

எங்கள் நண்பர் அப்போதும் குனிந்து செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மருத்துவம் தெரியாது, உயரக் கணக்கும் தெரியாது. அவர் ஓட்டும் விதமே எங்களைக் காத்தது.

நீங்கள் மவுன்டன் பைக்கில் இறங்கத்தான் அவ்வளவு தூரம் போகிறீர்கள். அதே சாலையில் சைக்கிளிலேயே ஏறுபவர்களை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மணாலியிலிருந்து லேவுக்கு அவர்கள் எட்டு, பத்து நாட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மர்ஹி, கேலாங், ஜிஸ்பா, ஜிங்ஜிங்பார் என்று கால் சோர்ந்த இடத்தில் படுக்கிறார்கள். உங்களைவிடப் பல மடங்கு உழைத்தாலும் ஒவ்வோர் இரவும் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ள அவர்களுக்கு நேரம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளோ நம் மூச்சுத் திணறலை எஞ்சினுக்கு மாற்றிவிடுகிறது. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பழைய கார்புரேட்டர் வண்டி அங்கே திணறும், பிளக்கில் கரி பிடிக்கும், மூன்றாம் கியரில் போக வேண்டிய ஏற்றத்துக்கு முதல் கியர் கேட்கும். 1955இல் சென்னையில் உற்பத்தி தொடங்கி, எல்லைக் காவலுக்காக ராணுவத்துக்குப் போன புல்லட்டுகளும் இப்படித் திணறித்தான் மலையேறின. உங்கள் மூவரின் புதிய வண்டிகளில் சென்சார்கள் காற்றுக்கு ஏற்ப எரிபொருளைக் குறைத்துவிடுவதால் எஞ்சின் படும் பாடுகூட உங்களுக்குத் தெரியாது. நண்பரின் 150 சிசி வண்டி ஒன்றுதான் உங்கள் குழுவில் உயரத்தைப் பற்றி உண்மை பேசப்போகிறது. அதை விட்டுவிட்டா போகிறீர்கள்?

டயமாக்ஸ் உடலின் தகவமைப்பை விரைவுபடுத்தும், அதற்கு மாற்றாகாது. சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மற்றவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும். கற்பூரத்தை முகர்ந்தால் போதும் என்று யாராவது சொன்னால், அதைச் சாமிக்கு ஏற்றச் சொல்லுங்கள். கடைகளில் விற்கும் கையளவு ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும்.

இனி வழி. வண்டிகளைச் சண்டிகருக்கு அல்லாமல் ஜம்முவுக்கு அனுப்புங்கள். ஸ்ரீநகரிலிருந்து லே சுமார் 420 கிலோமீட்டர். ஸ்ரீநகர் 1,600 மீட்டர், சோனமார்க் 2,700. சோஜி லாவில் 3,500 மீட்டரைத் தொட்டு இறங்கினால் கார்கில் 2,676. தொட்டபெட்டா உச்சியின் உயரம் 2,637 என்பதால் கார்கிலில் படுப்பது உங்களுக்கு அவ்வளவு அந்நியமாக இராது. அங்கிருந்து 4,108 மீட்டர் உயரமான ஃபோட்டு லாவைப் பகலிலேயே கடந்து லேவில் தங்கலாம். லேவில் இரண்டு நாள் சும்மா இருங்கள். சும்மா என்றால் சும்மாதான், மடாலயப் படிக்கட்டுகளைக்கூட எண்ண வேண்டாம். மணாலி சாலையைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உடல் பழகியிருக்கும், சார்ச்சுவிலும் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தத் திட்டத்தில் அறுபதுக்கு மேல் ஓட்ட வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை.

கர்துங் லாவின் பழைய பலகையில் 18,380 அடி என்று இருந்தது. செயற்கைக்கோள் கருவிகளின் அளவு 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. எண்ணூறு அடி குறைவு என்று வருந்த வேண்டாம், மூச்சு அதே அளவுதான் வாங்கும். மேலே அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். லே வரை 40 கிலோமீட்டரில் 1,850 மீட்டர் இறக்கம். கல்லட்டி மலைப்பாதையில் இரண்டாம் கியரில் எஞ்சின் பிடிக்க இறங்கிய பழக்கம் உங்களுக்கு இருக்கும். சைக்கிளில் அந்தப் பிடிப்பு கிடையாது, பிரேக் மட்டும்தான். அழுத்தியே வைத்திருந்தால் டிஸ்க் சூடேறிப் பிடி தளரும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ராணுவ லாரிகள் வரிசையாக வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி, இறங்கி நில்லுங்கள். மேலே சாலையில் பனிநீர் ஓடும் இடங்களில் வளைவை நம்ப முடியாது.

மோட்டார் சைக்கிளில் போகும்போது அந்த நண்பரை முன்னால் விடுங்கள். கருவிப்பெட்டியோடு உங்களில் திறமையானவர் கடைசியில் வரட்டும். முன்னால் போகும் நண்பர் நிறுத்தினால் எல்லோரும் நிறுத்துங்கள், தேநீர் குடியுங்கள்.

மூவரும் பேசி எடுத்த முடிவை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. தேதியை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், தம்பி. புதிய வழிக்கு நாட்கள் கூடுதலாகத் தேவைப்படும், அவரும் விடுப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா?

அன்புடன்.