நுரையீரலுக்கு ஏது நிறம்?

கேள்வி: என் மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். அங்கே மருத்துவம், நர்சிங் படிக்கும் கறுப்பினப் பிள்ளைகளை ‘ஆஸ்துமா சிகிச்சைப் பக்கம் வாருங்கள்’ என்று தனியாகக் கூப்பிடுகிறார்களாம். நுரையீரலுக்கு ஏது நிறம்? நல்ல டாக்டர் யாராக இருந்தால் என்ன? – வாசகி, கும்பகோணம்

பதில்: நுரையீரலுக்கு நிறம் இல்லைதான். ஆனால் அதை அளந்த கணக்குக்கு இருந்ததே அம்மா! ஆஸ்துமா சந்தேகம் என்றால் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்வார்கள், பார்த்திருப்பீர்கள், மூச்சை முட்ட இழுத்து முகம் சிவக்க ஒரே தம்மில் ஊதித் தள்ள வேண்டும். வயது, உயரம், ஆணா பெண்ணா என்று தட்டினால் இவருக்கு இவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடும். அமெரிக்காவில் கூடவே இனத்தையும் தட்டினார்கள். கறுப்பர் என்று தட்டினால் வர வேண்டிய அளவே 10, 15 சதவீதம் குறைந்துவிடும். அப்புறம் குறைவாக ஊதியவருக்கும் ‘நார்மல்’ என்றுதானே ரிப்போர்ட் வரும்? இதன் வேர் அடிமை முறைக் காலத்தில் இருக்கிறது. கறுப்பர்களின் நுரையீரலே மட்டம், கட்டாய உழைப்புதான் அவர்கள் ரத்தத்துக்கு நல்லது என்று எழுதிவைத்தார் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர். அவரே அடிமைகளை வைத்திருந்தவர், வேறென்ன எழுதுவார்! இனம் பார்க்காத கணக்கைப் போடுங்கள் என்று அமெரிக்க நுரையீரல் மருத்துவர் சங்கம் சொன்னது 2023இல்தான்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியிருந்தும் அது சரியாக இருப்பதாகக் காட்டுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. மூச்சு முட்டினால் உதடு நீலமாகும் என்று பாடத்தில் படிக்கிறோம், கறுத்த உதட்டில் அது எங்கே தெரியும்? உதட்டின் உள்பக்கம், ஈறு, நகக்கண் என்று பார்க்க வேண்டும். (நம் பிள்ளைகளுக்கும் இதேதான்.) வீட்டிலேயே அப்படிப் பார்த்து வளர்ந்த கறுப்பினப் பெண்ணுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

அமெரிக்காவில் ஆஸ்துமாவால் சாகும் ஆபத்து வெள்ளையரைவிடக் கறுப்பர்களுக்கு ஏறத்தாழ 3 மடங்கு. மக்களில் அவர்கள் 13, 14 சதவீதம் இருந்தும் டாக்டர்களில் 5, 6 சதவீதம்தான். இதற்கும் ஒரு கதை உண்டு. அங்கே கறுப்பர்களுக்கென்று 7 மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910இல் வந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை, அவற்றில் இரண்டு இருந்தால் போதும் என்றது. ஹோவர்டு, மெஹாரி என்ற இரண்டு கல்லூரிகள் தப்பின, மற்றவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

டாக்டர் யாராக இருந்தால் என்ன என்றால், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கலிபோர்னியாவில் இருக்கும் ஓக்லாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள்: கறுப்பின ஆண்களில் சிலருக்குக் கறுப்பின டாக்டர், சிலருக்கு வேறு டாக்டர். கறுப்பின டாக்டரிடம் உட்கார்ந்து பேசியவர்கள்தான் ரத்தப் பரிசோதனைக்கும் ஊசிக்கும் அதிகமாகக் கையை நீட்டினார்கள். ஆஸ்துமாவில் டாக்டர்மேல் உள்ள நம்பிக்கை பெரிய விஷயம், ஏனென்றால் இளைப்பு நின்ற மறுநாளே தடுப்பு இன்ஹேலரைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

ஒரே ஒரு குறை சொல்வேன். கூப்பிடுகிறவர்கள் டாக்டர், நர்சிங் படிப்போடு நின்றுவிடக் கூடாது, சுவாச சிகிச்சையாளர் படிப்புக்கும் கூப்பிட வேண்டும். ஆஸ்துமா டாக்டர் ஆவதென்றால் எம்.டி. (அங்கே அதுதான் நம் எம்.பி.பி.எஸ். போல முதல் டாக்டர் பட்டம்) முடித்து, குழந்தை மருத்துவமோ பொது மருத்துவமோ 3 வருடம், அப்புறம் அலர்ஜிக்கு 2 வருடம், கடன் கழுத்துவரை. சுவாச சிகிச்சையாளர் ஆவதற்கு 2 வருடப் படிப்பு போதும். நடுராத்திரி இளைப்போடு வரும் குழந்தைக்கு நெபுலைசர் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் அவர்தான்.