ஹார்னெட்டின் கால்கள் ஏன் அத்தனை தடிமன்? – வாசகர் கேள்வி பதில்

பட்டர்வொர்த் விமானத் தளம் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, சுங்கைப்பட்டாணி வட்டாரத்திலிருந்து போர் விமானம் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஐந்தாக்கித் தந்திருக்கிறோம்.

"எங்கள் தோட்டத்துக்கு மேலே ஹார்னெட் போனால் லயத்துத் தகரம் அதிர்கிறது. கோங் கெடாக்கில் உள்ள சுகோய்க்கும் இரண்டு எஞ்சின், இரண்டு வால், இரண்டு இருக்கைதான். பிறகு ஏன் சுகோய் மட்டும் அவ்வளவு பெரிது? எது உசத்தி?"
– பீடோங் வாசகர்

யார், எதற்காகக் கேட்டுச் செய்த விமானம் என்று பார்த்தால் அளவுக்குக் காரணம் தெரிந்துவிடும். ஹார்னெட்டின் மூலம் வொய்எஃப்-17 என்ற அமெரிக்க மாதிரி விமானம். அமெரிக்க விமானப்படை நடத்திய இலகு ரகப் போட்டியில் 1975 ஜனவரியில் எஃப்-16 ஜெயித்தது, இது தோற்றது. தோற்ற வடிவத்தைக் கடற்படை எடுத்துக்கொண்டு, விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னது. அப்படி மாறியது 1978 நவம்பரில் பறந்தது.

அந்த மாற்றத்தின் விலையைச் சக்கரக் காலில் பார்க்கலாம். தரைத் தளத்து விமானம் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கீழிறங்கி ஓடுபாதையைத் தொடும் என்று வைத்துக் கால்களை வடிவமைப்பார்கள். கப்பலில் அந்தச் சொகுசு கிடையாது. மேல்தளம் அலையில் எழும்பும், பாதை குட்டை, கம்பியைக் கொக்கியால் பிடித்தே தீரவேண்டும். அதனால் 7 மீட்டர் வரை தாங்கவேண்டும். வேகம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால், கால் உள்வாங்கும் அடி ஐந்து மடங்குக்கு மேல் போய்விடும். கால் தடித்தால் அது மாட்டியிருக்கும் உடற்சட்டமும் தடிக்கவேண்டும். அதன்மேல் பின்கொக்கி, மடங்கும் இறக்கைக்கான கீல், முன்சக்கரத்தில் கப்பலின் உந்துபொறியோடு மாட்டும் தண்டு. மலேசியாவிடம் விமானந்தாங்கிக் கப்பல் கிடையாது. இருந்தும் 1997-இல் வந்த 8 ஹார்னெட்டுகளும் இதையெல்லாம் தூக்கிக்கொண்டுதான் பறக்கின்றன. வீண் என்றும் சொல்ல முடியாது: மெதுவான வேகத்தில் கட்டுக்குள் இறங்கும், உப்புக்காற்றுக்கென்றே செய்த துருத்தடுப்பு நம் ஈர வெயிலுக்கும் உதவும்.

சுகோயின் கதை வேறு. அமெரிக்காவின் எஃப்-15-ஐ மிஞ்சவேண்டும், பரந்த சோவியத் எல்லை முழுக்க வெளியே கூடுதல் எரிபொருள் தொட்டியைத் தொங்கவிடாமல் பறக்கவேண்டும் என்பது உத்தரவு. டி-10 என்ற முதல் மாதிரி 1977 மே மாதம் பறந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எஃப்-15-க்கு ஈடாகவில்லை. வடிவமைப்பாளர் மிக்கைல் சிமோனோவின் குழு ஒட்டுப்போடாமல் அநேகமாக எல்லாவற்றையும் மறுபடி வரைந்தது. வளைந்த இறக்கை முனை நேரானது, எஞ்சின் கூட்டின் மேல் நின்ற வால்கள் வெளிப்பக்கம் நகர்ந்தன. புதிய வடிவம் 1981 ஏப்ரலில் பறந்தது. நம்மிடம் உள்ள 18 சு-30எம்கேஎம் அதன் வழிவந்தவை. நான்கு ஆண்டு உழைப்பைத் தூக்கிப் போடத் துணிந்த அந்த முடிவுதான், என் கணிப்பில், சுகோய் இன்றுவரை விற்பதற்குக் காரணம்.

கணக்கு கேட்பவர்களுக்கு: சுகோயின் இறக்கைப் பரப்பு 62 சதுர மீட்டர், சாதாரணப் புறப்பாட்டு எடை சுமார் 24,900 கிலோ. வகுத்தால் சதுர மீட்டருக்கு 400 கிலோ. ஹார்னெட்டுக்கு 37 சதுர மீட்டர், சுமார் 16,700 கிலோ, அதாவது 450. பெரிய விமானம்தான் இறக்கையில் இலேசு, அதனால் திரும்புவது சுலபம்! முழு உந்துவிசையில் சுகோய் தன் எடைக்குச் சமமாகத் தள்ளும், ஹார்னெட் சற்றே குறைவு. உள் எரிபொருளோ சுகோயில் ஒன்பதரை டன்னை ஒட்டி, ஹார்னெட்டில் 5 டன்னுக்குள். கிளந்தானிலிருந்து லாபுவான் சுமார் 1,400 கிலோமீட்டர் கடல். அதைத் தாண்டிப் போய்ச் சண்டையிட்டுத் திரும்பச் சுகோய். பழுது பார்க்கும் நேரம் குறைந்து, நாளுக்கு நாள் தவறாமல் கிளம்ப ஹார்னெட்.

"மிக்-29 பார்க்க அழகான விமானம். 1995-இல் வந்தது, ஹார்னெட்டுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. ஏன்?"
– பாடாங் செராய் வாசகர்

மிக்-29-இன் காற்று நுழைவாயைக் கிட்டப் போய்ப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வாயை ஒரு கதவு மூடிக்கொள்ளும். அப்போது காற்று எங்கிருந்து வரும்? இறக்கை உடலோடு சேரும் இடத்தில், மேல்பக்கம், மீனின் செவுள்போல வரிசையாகத் திறக்கும் பட்டைகள் வழியாக. குண்டும் குழியுமான முன்னணி ஓடுபாதையில் கல்லும் மண்ணும் எஞ்சினுக்குள் போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. புறப்பாட்டில் வேகம் பிடித்த பிறகே கீழ்க்கதவு திறக்கும்.

அருமையான யோசனைதான். ஆனால் அந்தச் செவுள்களும் குழாய்களும் பிடித்த இடம் எரிபொருள் நிற்கவேண்டிய இடம். உள் எரிபொருள் மூன்றரை டன் அளவே இருந்தது. போர்முனைக்குப் பின்னால் சில நூறு கிலோமீட்டரில் நின்று, ஏறி, சுட்டு, இறங்க அது போதும். தென்சீனக் கடலுக்குப் போதாது. நம் மிக்குகளில் பிற்பாடு வானில் எரிபொருள் நிரப்பும் குழாயைச் சேர்த்தது இதனால்தான். உருசியர்களே பிந்திய மிக்-29எம்மில் செவுளை எடுத்துவிட்டு வலையைப் போட்டு, அந்த இடத்தை எரிபொருளுக்குக் கொடுத்தார்கள்.

மீதிப் பதில் எஞ்சின். மிக்கின் ஆர்டி-33 புகை கக்கும், எதிரி கண்ணிலேயே கண்டுபிடித்துவிடுவான். ஆயுளும் குறைவு. சோவியத் முறை அப்படி: சில நூறு மணி நேரம் ஓட்டு, கழற்று, ஆலைக்கு அனுப்பு, கிடங்கிலிருந்து வேறொன்றை மாட்டு. ஆயிரக்கணக்கில் எஞ்சின் வைத்திருக்கும் நாட்டுக்கு அது சரி. பதினெட்டே விமானம் வைத்திருப்பவனுக்கு, எஞ்சின் கப்பலேறிப் போய்த் திரும்பும்வரை விமானம் கொட்டகையில் நிற்கும். ஹார்னெட்டின் எஃப்404 ஆறு தொகுதிகளாகப் பிரியும். கெட்ட தொகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

"1941-இல் சுங்கைப்பட்டாணி ஓடுபாதையில் பஃபலோ விமானங்கள் இருந்தன, ஜப்பானிய சீரோ வந்து அழித்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பஃபலோ அவ்வளவு மட்டமா?"
– சுங்கை லாலாங் வாசகர்

முதலில் ஒரு திருத்தம். மலாயா வானில் பஃபலோவோடு மோதியவை பெரும்பாலும் தரைப்படையின் கி-43 ஹயபுசா. இரண்டுக்கும் வட்ட மூக்கு, மெல்லிய உடல். அவசரத்தில் பார்த்த எல்லோரும் சீரோ என்றே எழுதிவைத்தார்கள். ஹயபுசாவை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஹிதேயோ இட்டோகாவா பின்னாளில் ஜப்பானிய ராக்கெட் துறையின் முன்னோடியானார். ஒரு சிறுகோளுக்கே அவர் பெயர்.

ஹயபுசாவில் இறக்கைச் சதுர மீட்டருக்குச் சுமார் 95 கிலோ. பிரிட்டன் வாங்கிய பஃபலோவில் சுமார் 150. கவசத் தகடு, கூடுதல் கருவிகள் என்று எடை ஏற, எஞ்சின் சக்தி அதற்கேற்ப ஏறவில்லை. உயரத்தில் எரிபொருள் அழுத்தம் விழும். விமானி ஒரு கையால் பம்ப் அடித்துக்கொண்டே ஓட்டவேண்டும். வெப்பத்தில் எஞ்சின் கொதிக்கும். சில படைப்பிரிவுகள் எரிபொருளையும் தோட்டாவையும் குறைத்து, கனத்த துப்பாக்கிக்குப் பதில் சிறியதை மாட்டி இலேசாக்கிப் பார்த்தன.

மட்டமா என்றால், ஃபின்லாந்தைப் பாருங்கள். அதே பஃபலோவின் இலேசான பதிப்பு 44 அங்கே போயின. குளிர்க்காற்றில் சோவியத் விமானங்களை விரட்டி விரட்டி வீழ்த்தின. ஹயபுசாவும் குறையில்லாததல்ல. இரண்டே துப்பாக்கி, குண்டு பட்டால் தானாக மூடிக்கொள்ளும் தொட்டி முதலில் இல்லை, தொடக்கப் பதிப்புகளில் செங்குத்தாகப் பாய்ந்து நிமிர்த்தினால் இறக்கையே விரிசல் விடும். எடைக் குறைப்புக்குக் கொடுத்த விலை அது.

"தேஜஸ் 1983-இல் ஆரம்பித்து 2016-இல்தான் படையில் சேர்ந்தது. கொரியாவின் எஃப்ஏ-50 சட்டென்று வந்துவிட்டது; 2023-இல் மலேசியா 18 வாங்க ஒப்பந்தமும் போட்டுவிட்டது. இந்தியர்கள் எங்கே கோட்டைவிட்டார்கள்?"
– ஐந்தாம் படிவ மாணவர், சுங்கைப்பட்டாணி

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாகச் செய்ய முயன்றதில். கொரியா எஃப்-16 செய்த லாக்ஹீட் மார்ட்டினோடு கூட்டுச் சேர்ந்தது, எஃப்404 எஞ்சினைக் கடையில் வாங்குவதுபோல் வாங்கியது. எஃப்ஏ-50-இன் மூலமான டி-50 பயிற்சி விமானம் பறந்தது 2002 ஆகஸ்டில். தேஜஸ் குழுவோ இறக்கை, கணினிக் கட்டுப்பாடு, ரேடார், காவேரி எஞ்சின் என்று எல்லாவற்றிலும் கைவைத்தது. காவேரி வரவில்லை, கடைசியில் அதே எஃப்404 குடும்பத்து எஞ்சினைத்தான் மாட்டினார்கள். 1998 அணுச் சோதனைக்குப் பின் தடை விழுந்ததும், அமெரிக்காவில் கட்டுப்பாட்டு மென்பொருளில் வேலை பார்த்த இந்தியப் பொறியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊருக்கு வந்து தாங்களே எழுதி முடித்தார்கள். 2001 ஜனவரியில் அந்த மென்பொருளோடுதான் தேஜஸ் பறந்தது.

அது ஏன் பெரிய விஷயம்? காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இருபுறமும் பால் வாளி சுமப்பதை நினையுங்கள். தோளுக்கு முன்னால் கொஞ்சம் கனம் வைத்தால் கம்பு அடங்கி நிற்கும், ஆனால் பின்னால் கையால் அழுத்திக்கொண்டே நடக்கவேண்டும். பழைய விமானங்களில் வால் அந்த அழுத்தும் கை, தூக்குவிசையைத் தின்றுவிடும். புதியவற்றில் எடை மையத்தைப் பின்னுக்குத் தள்ளி, வேண்டுமென்றே தள்ளாட விடுவார்கள். சட்டென்று திரும்பும், இழுவையும் குறையும். ஆனால் கணினி வினாடிக்குப் பலமுறை திருத்தாவிட்டால் கவிழ்ந்துவிடும்.

ஸ்வீடனின் கிரிப்பன் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தது. 1989 பிப்ரவரி 2, ஆறாவது பறப்பு. இறங்கும்போது விமானி குச்சியை அசைத்த வேகத்துக்கு இறக்கைத் தகடுகள் நகர முடியவில்லை. விமானம் தாமதமாக அசைய, அவர் இன்னும் திருப்ப, அதற்குள் முதல் கட்டளை வந்து சேர, எதிர்ப்பக்கம் சாய்ந்தது. குளியலறை ஹீட்டரில் சூடு வரவில்லை என்று குமிழைத் திருகிக்கொண்டே போய், பிறகு முதுகு வெந்து போவதைப் போல. விமானம் ஓடுபாதையில் உடைந்தது, அவர் பிழைத்தார். மென்பொருளைத் திருத்தினார்கள். 1993-இல் ஸ்டாக்ஹோம் கண்காட்சியில் கிட்டத்தட்ட அதே வியாதி, அதே விமானி! குதித்துத் தப்பினார்.

"லங்காவி லீமா கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். நிற்கும் விமானத்தில் எதைப் பார்ப்பது?"
– கூலிம் வாசகி

ஏவுகணைகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் குனிந்து சக்கரங்களைக் காட்டுங்கள்: ஹார்னெட்டின் பின்கால் முழங்கால்போல மடங்கி நிற்கும், முன்சக்கரம் இரட்டை. இறக்கையின் நுனிப் பக்கம் ஒரு குறுக்குக் கோடு தெரியும், அதுதான் மடங்கும் கீல். சுகோய் அருகில் போனால் காற்று வாய்க்குள் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு மூடி போட்டிருக்காவிட்டால், தரையில் இருக்கும்போது உள்ளே நிமிர்ந்து கல்லை மறிக்கும் வலை தெரியலாம். மிக்கின் கதவு வேலையைச் செய்வது அதுதான். பின்பக்கம் எஞ்சின் வாய் இரண்டும் சற்றுத் தொங்கிப்போய் நிற்கலாம். பழுது என்று பயப்பட வேண்டாம், திசை மாற்றும் மூக்கு அது. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது அப்படித்தான் தலை சாயும். தண்ணீர் போத்தலும் குடையும் மறக்காதீர்கள், தார்த்தளத்தில் பத்து மணிக்கே கால் பொசுங்கும்.