அலசும் கண்டிஷனரை அலசாமல் விட்டால் பிசுபிசுப்பா?

தண்ணீரில் அலசிவிட வேண்டிய கண்டிஷனரை அலசாமலே விடலாமா, அப்படி விட்டதில் முடி பிசுபிசுக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். விடலாம், ஆனால் நீங்கள் தடவுகிற அளவும் இடமும்தான் தப்பு. கை நிறைய எடுத்து வேரிலிருந்தே தடவினால், மூன்றாம் நாள் முடி பிசுபிசுக்கத்தான் செய்யும்.

அந்தக் கண்டிஷனரில் சீட்டைல் ஆல்கஹால் மாதிரி கொழுப்புப் பொருட்கள் தாராளமாக இருக்கும், பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும் என்ற கணக்கில்தான் அதைத் தயாரிக்கிறார்கள். போகாவிட்டால் முடிமேல் படிந்துவிடும்.

சீப்பில் வெள்ளையாக ஒட்டுவது பொடுகோ என்றும் கேட்டிருந்தீர்கள். அதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மெழுகு மாதிரி வழுக்கினால் பெரும்பாலும் கண்டிஷனர்தான், தலையிலிருந்து செதிள் செதிளாக உதிர்ந்தால் வேறு வைத்தியம் பார்க்க வேண்டும்.

கண்டிஷனர்தான் என்றால் ஒருமுறை ஷாம்பு போட்டு நன்றாக அலசிவிடுங்கள். அப்புறம் ஈரம் சொட்டுகிற முடியில், பட்டாணி அளவு மட்டும், உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, காதுக்குக் கீழே நுனிவரை தடவினால் போதும். சுருட்டை முடி இன்னும் கொஞ்சம் தாங்கும், மெல்லிய நேர்முடி தாங்காது.

தடவுவதற்கு முன் லேபிளைக் கட்டாயம் படியுங்கள். மெத்தில்ஐசோதயசோலினோன் என்று இருந்தால் அலசாமல் விடவே வேண்டாம். கண்டிஷனர் கெடாமலிருக்கச் சேர்க்கிற, தோல் ஒவ்வாமை தரக்கூடிய பொருள் அது. அலசாமல் விடுகிற பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017லேயே அதைத் தடை செய்துவிட்டது, அலசுகிறவற்றில் மட்டும் சிறிதளவு அனுமதி. பின்கழுத்திலோ காதோரத்திலோ அரித்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.