74 வயது அப்பாவுக்கு உணவுக்குழாயில் ஜிஸ்ட் கட்டி, ஆபரேஷன் தாங்குவாரா?

வயதை மட்டும் வைத்து யாராவது முடியாது என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஜிஸ்ட் (GIST) என்பது செரிமானப் பாதையின் சுவரில் வளரும் ஒருவகைப் புற்றுக்கட்டி, பெரும்பாலும் இரைப்பையில் வருவது, உணவுக்குழாயில் மிக அபூர்வம். சாதாரண உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் செய்வதை அப்படியே இதற்குச் செய்வதில்லை, ஏனென்றால் இது சுவருக்குள்ளே, தசை அடுக்கில் வளர்கிறது, நிணநீர்க் கணுக்களுக்கும் அரிதாகத்தான் பரவும், அதனால் கணுக்களையெல்லாம் தேடி எடுக்கும் வேலை வழக்கமாகத் தேவைப்படாது.

கட்டி சிறியதென்றால் சுவரிலிருந்து அதை மட்டும் பிரித்து எடுக்கலாம், ஆனால் உறை கிழியவே கூடாது, கிழிந்து செல்கள் சிந்தினால் திரும்ப வரும் ஆபத்து கூடிவிடும். பெரிதாக இருந்தால்தான் சிக்கல். உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்து இணைக்க வேண்டும். வயதானவர்களுக்கு இதில் நிமோனியா, இணைப்பில் கசிவு இரண்டும்தான் பெரிய பயம்.

அதனால் பெரிய கட்டிக்கு முதலில் இமாட்டினிப் மாத்திரை, வழக்கமாக தினம் 400 மி.கி., சில மாதம் கொடுத்துச் சுருக்கிப் பார்ப்பார்கள். சுருங்கினால் சின்ன ஆபரேஷனோடு முடியவும் வாய்ப்பு உண்டு. ஆனால் எல்லாக் கட்டியும் இந்த மருந்துக்குக் கட்டுப்படாது, மரபணு மாற்றத்தைப் பொறுத்தது, ஆகவே பயாப்சி திசுவில் அந்தப் பரிசோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அப்புறம், காத்திருக்கும் மாதங்களில் அப்பா தினமும் நடக்கட்டும், மூச்சுப்பயிற்சி செய்யட்டும், புகை பிடிப்பவரென்றால் இன்றே நிறுத்தட்டும், எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.