எண்ணெய் கம்பெனியை ஹேக் செய்தால் டீசல் விலை ஏறுமா, பேரலில் பிடித்து வைக்கலாமா?

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி உரிமையாளர் கேட்டிருக்கிறார்: "நாலு லாரி வைத்து ஓட்டுகிறேனுங்க. எண்ணெய் கம்பெனி சர்வரை ஹேக் பண்ணிவிட்டார்கள், மூன்று நாளைக்கு டீசல் வராது, விலை இருபது ரூபாய் ஏறப்போகிறது என்று டிரைவர்கள் குரூப்பில் ஒரு மெசேஜ் சுற்றியது. அன்று சாயங்காலமே பங்கில் கூட்டம். பக்கத்துச் செட்டுக்காரர் நாலு பேரல் பிடித்து வைத்துவிட்டார். அமெரிக்காவில் இப்படி நிஜமாகவே நடந்ததாமே? நம்ம பக்கம் நடந்தால் விலை ஏறுமா? நானும் பிடித்து வைக்கட்டுமா? வாடகையை ஏற்றிப் பேசட்டுமா?"

பேரல் வேண்டாம் அண்ணா, வாடகையிலும் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவில் நடந்தது உண்மைதான். 2021 மே 7 அன்று கொலோனியல் பைப்லைன் என்ற கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் ரான்சம்வேர் புகுந்தது. உள்ளே நுழைந்து ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமென்றால் பணம் கொடு என்று கேட்கும் வேலைதான் ரான்சம்வேர். இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன்பே தகவல்களைத் திருடிக்கொண்டு, கொடுக்காவிட்டால் வெளியே விட்டுவிடுவேன் என்று இன்னொரு மிரட்டலும் சேர்த்துக்கொள்கிறார்கள். டெக்சாஸ் பக்கமிருந்து நியூயார்க் துறைமுகம் வரை சுமார் 8,850 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் அது, அந்த நாட்டின் கிழக்குக் கரைக்குத் தேவையான எரிபொருளில் 45 சதவீதத்துக்குக் கிட்ட அதில்தான் போகிறது. டார்க்சைடு என்ற கும்பல் கைவைத்தது. எப்படிப் புகுந்தார்கள் தெரியுமா? வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வருவதற்கான ஒரு பழைய கணக்கு, யாரும் பயன்படுத்தாமல் கிடந்தது, பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் போதும், ஓடிபி மாதிரி இரண்டாவது சோதனை எதுவும் கிடையாது. அவ்வளவு பெரிய கம்பெனியின் கதவு அப்படித்தான் திறந்து கிடந்தது.

அவர்கள் பூட்டியது ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத்தான். குழாயின் வால்வையோ பம்ப்பையோ ஓட்டும் கன்ட்ரோல் சிஸ்டத்தைத் தொட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அது அங்கேயும் பரவிவிடும் என்ற பயத்தில் கம்பெனியே குழாயை நிறுத்தியது. பில் போடும் சிஸ்டமும் போய்விட்டது என்று அப்போது செய்தி வந்தது. உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். லோடு ஏற்றியாகிவிட்டது, டிரைவர் வண்டியில் உட்கார்ந்துவிட்டார், இ-வே பில் போடும் கம்ப்யூட்டர் மட்டும் படுத்துவிட்டது என்றால் வண்டி செட்டை விட்டு நகருமா? குழாய்க்குள் பல கம்பெனிகளின் சரக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். யாருடையது எவ்வளவு, எந்த ஊரில் இறங்க வேண்டும் என்ற கணக்கு இல்லாமல் தள்ளிக்கொண்டிருக்க முடியாது.

கம்பெனி 75 பிட்காயின் கொடுத்தது, அன்றைய மதிப்பில் 44 லட்சம் டாலர். பணத்தை வாங்கிக்கொண்டு அந்தக் கும்பல் கொடுத்த சாவி ஆமை வேகத்தில் வேலை செய்ததால், கடைசியில் தங்களிடம் இருந்த பேக்கப்பை வைத்துத்தான் பெரும்பாலும் மீண்டார்கள். அப்புறம் அமெரிக்க நீதித்துறை அதில் 63.7 பிட்காயினைத் திரும்பப் பிடித்தது, அதற்குள் பிட்காயின் விலை இறங்கிவிட்டதால் மதிப்பு 23 லட்சம் டாலர்தான்.

மே 12 அன்று குழாய் திரும்ப ஓட ஆரம்பித்தது. அதற்குள் விலை எவ்வளவு ஏறியது என்று நினைக்கிறீர்கள்? நாட்டின் சராசரி பெட்ரோல் விலை ஒரு காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 3 டாலரைத் தாண்டியது, 2014-க்குப் பிறகு அதுதான் முதல்முறை என்பதால் பெரிய செய்தியானது. ஆனால் தாக்குதலுக்கு முன்பே விலை 2.96 டாலர் அளவில் இருந்தது. கொரோனா தணிந்து வண்டிகள் ரோட்டுக்கு வந்ததால் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த விலை அது. தாக்குதலால் கூடியது சில சென்ட்டுகள்.

பங்க் காய்ந்ததுதான் பெரிய அடி. வட கரோலினாவில் பாதிக்கும் மேற்பட்ட பங்குகளில் பெட்ரோல் இல்லை, வாஷிங்டன் நகரத்தில் இன்னும் மோசம். பிளாஸ்டிக் பையில் பெட்ரோல் பிடிக்காதீர்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவிப்பு போடும் நிலைக்கு வந்தது. குழாய் நின்ற சில நாளில் இத்தனை பங்குகள் தானாகக் காய்ந்துவிடாது, வழியெல்லாம் டேங்குகளில் இருப்பு இருந்தது. காலி செய்தது பயம்.

நம்ம ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். பைக்காரர்கள் வழக்கமாக நூறு ரூபாய்க்குப் போடுங்க என்றுதான் நிற்பார்கள், ஒரு லிட்டர்கூட முழுசாக வராது. ஒரு மெசேஜைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் 2,000 பேர் வந்து ஆளுக்கு 8 லிட்டர் போட்டு டேங்கை நிரப்பினால் 16,000 லிட்டர். ஒரு பங்கின் பெட்ரோல் டேங்கே சாயங்காலத்துக்குள் காலி. டிப்போவில் சரக்கு நிறைய இருக்கும், ஆனால் டேங்கர் வந்து இறக்குவதற்குள் 'ஸ்டாக் இல்லை' போர்டு மாட்டிவிடுவார்கள், அதைப் போட்டோ எடுத்து ஒருவர் குரூப்பில் போடுவார், பொய்யாகக் கிளம்பிய மெசேஜ் அந்த நிமிஷமே உண்மையாகிவிடும். 2024 ஜனவரி முதல் வாரத்தில் புதிய விபத்துச் சட்டத்தை எதிர்த்து டேங்கர் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஹைதராபாத்திலும் வட இந்திய நகரங்களிலும் பங்குகளில் இந்தக் கூத்தைத்தான் பார்த்தோம். அதில் ஹேக்கரே கிடையாது.

அமெரிக்காவோடு ஜெர்மனியை வைத்துப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரி கடைசியில் ஆயில்டாங்கிங் என்ற கம்பெனியை ரான்சம்வேர் தாக்கியது. எண்ணெய் கிடங்குகளில் டேங்கர் லாரிக்கு லோடு ஏற்றும் ஆட்டோமேஷன் நின்றுபோனது. வடக்கு ஜெர்மனியில் 233 பங்குகள் பாதிக்கப்பட்டன. அது மொத்தத்தில் 1.7 சதவீதம்தான், விஷயம் பெரியது ஆனால் ஆபத்தான கட்டம் இல்லை என்று அந்நாட்டு சைபர் பாதுகாப்பு அமைப்பின் தலைவர் வெளிப்படையாக எண்ணிக்கையோடு சொன்னார். மற்ற கம்பெனிகள் வேறு கிடங்குகளிலிருந்து சரக்கு எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் பார்த்த மாதிரியான அடிதடி அங்கே இல்லை. மாற்று வழி இருந்தது, அதை உடனே வாய் திறந்து சொல்லவும் செய்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம்.

கொங்குப் பக்கம் ஜெர்மனி மாதிரிதான், ஒரே குழாயை நம்பி இல்லை. கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து இருகூர் வழியாகக் கரூருக்கு ஒரு குழாய் வருகிறது. சென்னையிலிருந்து திருச்சி, மதுரைக்குப் போகும் குழாயிலிருந்து ஒரு கிளை உங்கள் சங்ககிரிக்கே வருகிறது. அரசுக் கம்பெனிகள் மூன்று, தனியார் பங்குகள் தனி. ஒன்றின் சர்வர் படுத்தால் அந்தக் கம்பெனி பங்க்குகள் தடுமாறும், டீலர் போட்ட இன்டென்ட் (சரக்கு ஆர்டர்) நகராது, ஆனால் ரோட்டுக்கு எதிர்ப்புறம் வேறு போர்டு மாட்டிய பங்க் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, விலை. இந்தியாவில் பெட்ரோல் விலையை 2010-லும் டீசல் விலையை 2014-லும் கம்பெனிகளிடம் விட்டார்கள், 2017 ஜூன் 16 முதல் தினசரி காலை 6 மணிக்கு விலை மாறும் என்றும் ஆனது. காகிதத்தில் அப்படி. நடப்பில் மாதக்கணக்காக, ஏன், வருஷக்கணக்காகக்கூட விலை அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 2022 ஏப்ரலில் அசாமின் துலியாஜானில் இருக்கும் அரசு நிறுவனமான ஆயில் இந்தியாவை ரான்சம்வேர் தாக்கியது, 75 லட்சம் டாலர் கேட்டார்கள். எண்ணெய் எடுக்கும் வேலை நிற்கவில்லை. பங்க் விலையோ, ஏப்ரல் 6-ல் ஏறியதோடு நின்றது, மே 22-ல் கலால் வரியைக் குறைத்தபோதுதான் அடுத்து மாறியது, அதுவும் கீழே. ரான்சம்வேருக்காக ஒரு பைசாகூட ஏறவில்லை.

அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் மூன்று அரசு எண்ணெய் கம்பெனிகளுக்கும் சேர்த்து சுமார் 18,480 கோடி ரூபாய் நஷ்டம் என்பது வேறு கதை. கச்சா எண்ணெய் ஏறியும் விலையை ஏற்றாமல் தாங்கினார்கள். பிற்பாடு கச்சா எண்ணெய் இறங்கியபோது நமக்கு இறக்கவும் இல்லை, 2024 மார்ச்சில்தான் இரண்டு ரூபாய் குறைந்தது. ஆக ஒரு தாக்குதலின் செலவு மறுநாள் காலை பங்க் மீட்டரில் தெரியாது. வந்தால் எப்போதோ, எதனாலென்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாதபடி வரும்.

வெளிநாட்டில் பெரிய கம்பெனியைத் தாக்கினால் கச்சா எண்ணெயே ஏறாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2012-ல் சவுதி அராம்கோவில் ஒரு வைரஸ் சுமார் 30,000 கம்ப்யூட்டர்களை அழித்தது (அது ரான்சம்வேர் இல்லை, வெறும் அழிப்பு வேலை), எண்ணெய் உற்பத்தி நிற்கவில்லை. 2019 செப்டம்பரில் அதே அராம்கோவின் அப்கைக் ஆலையிலும் குராய்ஸ் எண்ணெய் வயலிலும் நிஜமான டிரோன்களும் ஏவுகணைகளும் விழுந்தபோது, உலகச் சந்தை அளவுகோலாக வைக்கும் பிரென்ட் கச்சா எண்ணெய் ஒரே நாளில் 15 சதவீதத்துக்குப் பக்கம் ஏறியது. சந்தைக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நம்பிக்கை விஷயத்துக்கு ஈரானைப் பார்க்க வேண்டும். 2021 அக்டோபர் 26 அன்று மானிய விலை பெட்ரோல் போடும் கார்டு சிஸ்டத்தை யாரோ முடக்க, நாடு முழுக்க பங்குகள் நின்றன. இதிலும் பணம் கேட்கவில்லை. 2019 நவம்பரில் அரசாங்கம் ராத்திரியோடு ராத்திரியாக விலையை ஏற்றி, அதில் பெரிய கலவரம் நடந்த நாடு அது. இரண்டு வருஷம் கழித்து பங்க் நின்றதும் மறுபடியும் விலையை ஏற்றப் போகிறார்கள் என்ற பயம் கிளம்பியது, அரசு அவசரமாக மறுக்க வேண்டி வந்தது. ஏற்கெனவே மறைத்தவன் இன்று உண்மையைச் சொன்னாலும் ஊர் நம்பாது. நம்ம பக்கமும் விளைநிலத்தில் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தபோது விவசாயிகளுக்கும் கம்பெனிக்கும் நடந்த இழுபறியைப் பார்த்தவர்கள்தானே நாம். அந்தக் கசப்பு இருக்கிற ஊரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒற்றை வரி அறிக்கை விட்டால் எடுபடாது. எந்த டிப்போ ஓடுகிறது, எத்தனை நாள் இருப்பு, கார்டு எப்போது வேலை செய்யும் என்று எண்ணோடு சொல்ல வேண்டும், முதல் நாளே சொல்ல வேண்டும்.

இனி உங்கள் வேலை. டீசலை 2,500 லிட்டர் வரை, எந்தக் கலனும் 1,000 லிட்டருக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ள பெட்ரோலியச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை, அதனால் பக்கத்துச் செட்டுக்காரரைப் போலீஸ் பிடிக்கும் என்று நான் பயமுறுத்தப் போவதில்லை. பெட்ரோல் என்றால் வரம்பு 30 லிட்டர்தான், அது தீப்பிடிக்கும் சமாச்சாரம், கிட்டவே போக வேண்டாம். ஆனால் பேரலில் கிடக்கும் டீசலில் ஈரம் இறங்கும், அடியில் கசடு சேரும், பிஎஸ்-6 வண்டியின் இன்ஜெக்டருக்கு அது ஆகாது. அந்த ரிப்பேர் பில்லுக்கு முன்னால் லிட்டருக்கு ரெண்டு ரூபாய் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. வண்டி டேங்கில் 300 லிட்டர் இருந்தாலே, லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று வைத்தால் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் நிரப்பச் சொல்லி டிரைவர்களிடம் சொல்லிவையுங்கள், வதந்தி வந்த பிறகு இல்லை, எப்போதுமே.

உண்மையில் உங்களை மாட்டவைக்கப் போவது பணம் கட்டும் இடம். 2024 ஜூலை 31 அன்று சின்ன வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை தரும் சி-எட்ஜ் என்ற கம்பெனியில் ரான்சம்வேர் புகுந்ததால் சுமார் 300 சின்ன வங்கிகளின் பணப் பரிமாற்றத்தைத் துண்டித்தார்கள், பெரும்பாலும் கூட்டுறவு, கிராம வங்கிகள். மறுநாள் சரியானது. ஆனால் அன்றைக்கு நாக்பூர் பக்கம் நிற்கும் டிரைவர் கையில் அந்த வங்கி கார்டு மட்டும் இருந்திருந்தால்? இரண்டு வெவ்வேறு வங்கியில் கணக்கு, எண்ணெய் கம்பெனிகள் லாரிக்காரர்களுக்குத் தரும் ஃப்ளீட் கார்டு, டிரைவர் கையில் ஒரு டேங்குக்குப் பாதியாவது ரொக்கம், இது போதும்.

அப்புறம் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் புக்கிங் ஆபீஸ்களில் திருட்டு விண்டோஸ் போட்ட ஒரே கம்ப்யூட்டரில் டேலி, வாடகை பாக்கி, டிரிப் ஷீட், எல்லாமே கிடக்கும், கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்து பார்ப்பதற்கு ரிமோட் சாஃப்ட்வேர் வேறு, பாஸ்வேர்டு வண்டி நம்பர். ரான்சம்வேர் கும்பலுக்குச் சுத்திகரிப்பு ஆலையைவிட இது சுலபம். வாரத்துக்கு ஒரு தடவை ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, முக்கியமாகக் கழற்றி, பீரோவில் வையுங்கள். செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாட்டிக்கொண்டால் பணம் கொடுக்காமல் முதலில் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

வாடகைக்கு வருகிறேன். செய்தியை வைத்து ஏற்றிப் பேசினால் பார்ட்டி அடுத்த தடவை வேறு வண்டி பார்ப்பார். ஒப்பந்தம் எழுதும்போதே, பங்க்கில் அறிவித்த டீசல் விலை இன்ன அளவுக்கு மேல் மாறினால் வாடகை இவ்வளவு மாறும், இறங்கினாலும் அதே கணக்கு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். டீசல் கிடைக்காமல் வழியில் நின்றால் ஹால்டிங் (வண்டி நின்ற நாளுக்கான காசு) யார் தலையில் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், பெரும்பாலானவர்கள் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள், இதை விட்டுவிடுகிறார்கள்.