பாட்டு யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானே எழுதி மெட்டமைத்த தமிழ்ப் பாப் பாடல் ஒன்றுக்கு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் உடன் படித்த நண்பர் தம் கணினியில் பீட் (தாள இசை) அமைத்து, ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங்கும் செய்து கொடுத்தார். அதற்காக 300 வெள்ளி கொடுத்தேன். எழுத்தில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பாட்டில் பாதி தமக்குச் சொந்தம் என்று இப்போது சொல்கிறார். அது சரியா? – ஈசூன் வாசகி

பதில்: முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. நாம் ‘பாட்டு’ என்று ஒரே சொல்லால் குறிப்பதில் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடிப் பதிவுசெய்த, துறையினர் ‘மாஸ்டர்’ என்று சொல்லும் மூல ஒலிப்பதிவு மற்றொன்று. முதலாவது, உங்கள் கடிதத்தின்படி, உங்களுடையது. சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், பணம் கொடுத்துச் செய்வித்த ஒலிப்பதிவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்வித்தவருக்கு அல்லாமல் உருவாக்கியவருக்கே சேரும் என்று மாற்றிவிட்டது. ஆகவே, 300 வெள்ளி கொடுத்ததனால் மட்டுமே மாஸ்டர் உங்கள் கைக்கு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

இந்த இரண்டு சொத்துகளும் தனித்தனியாக நடமாடும் என்பதற்கு டெய்லர் சுவிஃப்ட்டை விடப் பெரிய சான்று இல்லை. அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019இல் கைமாறின. பாடல்களை எழுதிய உரிமை அவரிடம் இருந்ததால், 2021 முதல் அவற்றில் நான்கு ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் புதிதாகப் பாடிப் பதிவுசெய்து வெளியிட்டார். 2025 மே மாதம் அந்த மாஸ்டர்களையே விலைக்கு வாங்கினார். அந்த வசதி நமக்கு இல்லை, ஆனால் தாள் இருக்கிறது. பாடலின் பெயர், தேதி, இருவர் முழுப்பெயர், படைப்பில் யாருக்கு எத்தனை விழுக்காடு, மாஸ்டரில் எத்தனை, விளம்பரத்துக்கோ நாடகத்துக்கோ கேட்டால் யார் சம்மதம் தர வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். உறவு கெடாதிருக்கும் இந்த வாரமே செய்யுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். காப்பிக்கடையில் இரண்டே இரவுகளில் நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து எழுதிய பாடலை, சில ஆண்டுகள் கழித்து ஒரு விளம்பர நிறுவனம் கேட்டது. நண்பர் வெளிநாட்டில் இருந்தார், எங்களிடம் எழுத்து எதுவும் இல்லை. என்னால் மூன்று நாளுக்குள் பதில் சொல்ல முடியவில்லை. விளம்பரத்துக்கு வேறொருவர் பாட்டு போய்விட்டது.

இன்னொன்று: ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாடலை ஏற்றித்தரும் விநியோக நிறுவனம் உங்களுக்கு அனுப்புவது ஒலிப்பதிவுக்கான பங்கை மட்டுமே. வானொலியிலும் கடைகளிலும் மேடைகளிலும் பாடல் ஒலிக்கும்போது எழுதியவருக்குச் சேர வேண்டிய தொகை காம்பஸ் எனப்படும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கத்தின் வழியே வரும். அங்கே உறுப்பினராகிப் பாடலைப் பதிவுசெய்யாதவர்கள், ஒலி 96.8 வானொலியில் தங்கள் பாட்டைக் கேட்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: குறுந்தொகைப் பாடல் ஒன்றைப் பாப் பாடலில் சேர்க்க விரும்புகிறேன். யாரிடமாவது அனுமதி பெற வேண்டுமா? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: வேண்டாம். எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் கடந்தால் உரிமை முடிகிறது. சங்கப் புலவர்களுக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. சிங்கப்பூர்க் கலைஞர் ஷபீர் இசையமைத்து 2019இல் வெளியான ‘சகா’ படத்தின் ‘யாயும்’ பாடல், குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எடுத்தாண்டு தமிழ்நாட்டிலும் பரவியது. மூலத்தை எடுக்கலாம்; ஆனால் அண்மைக்கால உரையாசிரியரின் விளக்க வரிகளையோ, ஏற்கெனவே ஒருவர் அமைத்த மெட்டையோ எடுக்கக் கூடாது. இரண்டாவது தவறுதான் நம்மிடையே அடிக்கடி நிகழ்கிறது.

கேள்வி: மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு முழுநேரப் பாடகராகப் போகிறேன் என்கிறான். அவனே எழுதுகிறான், அவனே இசையும் அமைக்கிறான். விடலாமா? – புக்கிட் பாத்தோக் பெற்றோர்

பதில்: விடலாம், ஆனால் பாடுவதை நம்பி அல்ல, இசையமைக்கத் தெரிந்திருப்பதை நம்பி விடுங்கள். ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் ஸ்பாட்டிஃபை அதன் ஒலிப்பதிவுக்குப் பணம் தருவதில்லை என்ற விதி 2024 முதல் நடப்பில் உள்ளது. தமிழ் கேட்போர் தொகை சிறிதாக உள்ள நம் ஊரில் முதல் பாடலுக்கு அந்த எண்ணிக்கையே எளிதன்று. பிறருக்குப் பின்னணி இசை செய்வது, திருமண மேடை, பள்ளிப் பயிலரங்கு ஆகியவைதான் மாதச் செலவைத் தாங்கும். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் சுயதொழில் செய்பவர் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் செலுத்த வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள். வரி படிவம் வந்த பிறகு தெரிந்தால் கசக்கும்.

மேலே சொன்ன ஷபீர் 2005இல் ‘வசந்தம் ஸ்டார்’ பாட்டுப் போட்டியில் வென்றவர். 2012இல் தேசிய தினத்துக்காக ‘சிங்கை நாடு’ பாடலைத் தந்தார். ‘சகா’ திரைப்படம் வெளியானபோது போட்டி முடிந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. உங்கள் மகனுக்கு எத்தனை ஆண்டு தருவீர்கள் என்பதை மகனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே நல்ல தரத்தில் குரலைப் பதிவுசெய்ய முடியுமா? – பொங்கோல் வாசகர்

பதில்: முடியும். துணி நிறைந்த அலமாரியின் கதவுகளைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று, மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துப் பாடினால் எதிரொலி வெகுவாக அடங்கும். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் அணைத்துவிடுங்கள், வியர்க்கும், பரவாயில்லை. விடியற்காலையைத் தவிர்க்கவும். நம் பேட்டைக் குயில்கள் கூவத் தொடங்கினால் எந்த மென்பொருளாலும் அந்தக் குரலை முழுதாக நீக்க முடிவதில்லை. என் பாடல் ஒன்றின் இரண்டாம் சரணத்தில் அது இன்னமும் கூவிக்கொண்டிருக்கிறது.