தவழும் பிள்ளைக்கு ‘சேஃப்டி கிட்’ வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது மாதம். தவழ ஆரம்பித்துவிட்டான், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது. மதுரையில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஆன்லைனில் பிளக் மூடி, மேசை முனைக்கு ரப்பர், அலமாரிப் பூட்டு எல்லாம் சேர்ந்த கிட் ஒன்று 2,400 ரூபாய் என்று இருக்கிறது, வாங்கலாமா? மாமனார் வேறு ஆசையாக ஒரு வாக்கர் வாங்கி வந்திருக்கிறார். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்.

பதில்: கிட் வேண்டாம். அந்தப் பணத்தை முதலில் எலக்ட்ரீஷியனுக்குச் செலவழியுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்று பல வீடுகளில் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. ஆளுக்கு ஷாக் அடித்தால் அது விழாது. கரண்ட் உடம்பு வழியாகக் கசிந்தால் உடனே துண்டிப்பது ஆர்.சி.சி.பி.தான். ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள், தயங்கினால் பாதிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டாவது போட்டுவிடுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், சட்டென்று விழ வேண்டும்.

பிளக் மூடிகளை நான் நம்புவதில்லை. பல மூடிகள் நம் ஊர் சாக்கெட்டில் இறுக்கமாக உட்காராது, பிள்ளை பிடுங்கி வாயில் போட்டால் அதுவே தொண்டையில் சிக்கும். தரைக்குப் பக்கத்தில் உள்ள சாக்கெட்டுகளை மட்டும் உள்ளே ஷட்டர் உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள்.

வாக்கர் கண்டிப்பாக வேண்டாம். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை, பழையதைக்கூட விற்கக் கூடாது. அதில் உட்கார்ந்த பிள்ளை நாம் எட்டிப் பிடிப்பதற்குள் படிக்கட்டு விளிம்புக்குப் போய்விடும். நீங்கள் இருப்பதோ மாடி வீடு. சீக்கிரம் நடக்க வைக்கும் என்பதும் உண்மையில்லை. மாமனாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பேரன் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதும் மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி ஒன்றை அவரே பார்த்து வாங்கித் தரட்டும். அது பின்னால் நின்று தள்ளுவது, அப்போதும் பெரியவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. பட்டன் பேட்டரி. ஏசி, ஃபேன், ஸ்பீக்கர் என்று வீட்டிலுள்ள எல்லா ரிமோட்டையும் இன்றைக்கே திருப்பிப் பாருங்கள். 2032 என்று எழுதியிருக்கும் வட்டப் பேட்டரி 20 மி.மீ. அகலம், குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. எச்சில் பட்டதும் அதில் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரம் உருவாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். என் தங்கை வீட்டில் ஒருநாள் விளக்கு ரிமோட்டின் மூடி தனியாகக் கிடந்தது, பேட்டரியைக் காணவில்லை. பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியே ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்து, வயிற்றில் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. மறுநாள் அது கட்டில் காலடியில் கிடந்தது. வீண் அலைச்சல் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். மூடி ஸ்க்ரூ போட்டதாக இல்லாத ரிமோட்டை உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது பூஜை அலமாரி. கற்பூரம் கல்கண்டு போலவே இருக்கும், கொஞ்சம் விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். அப்புறம், தெருவில் வண்டியில் வரும் ஆசிட்டையும் பினாயிலையும் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வாங்காதீர்கள். பிள்ளைக்கு அது குடிக்கிற பாட்டில்தான். யாராவது குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும் வழியிலும் அது தொண்டையைப் பொசுக்கும். 108க்கு அழைத்துவிட்டு அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

பாத்ரூம் வாளி எப்போதும் கவிழ்ந்தே இருக்கட்டும். இந்த வயதில் தலைதான் கனம், எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர வராது, கொஞ்சம் தண்ணீரே போதும். ஹீட்டர் ராட் வாளி பிள்ளை தவழும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

மிச்சப் பணத்தில் மாடிப்படி வாசலுக்குத் தச்சரிடம் ஒரு சின்ன கேட் செய்யச் சொல்லுங்கள். கம்பியோ சட்டமோ நெட்டாக இருக்கட்டும், படுக்கையாக வைத்தால் ஏணி மாதிரி ஏறிவிடுவான். இடைவெளி 10 செ.மீ.க்குள். கிட்டில் உருப்படியானது அலமாரிப் பூட்டு மட்டும்தான். அதைத் தனியாக இரண்டு வாங்கி, சிங்குக்குக் கீழே ஒன்றும் மருந்து வைக்கும் அலமாரிக்கு ஒன்றும் போடுங்கள்.

பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரியும். கடைக்காரர் போலியை மாற்றித் தர மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், பில் கையில் இருக்கட்டும்.